அறையும் சத்தம்

அப்பா என் கன்னத்தில் அறைந்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது: இதையே என் கார்ட்டூன் காமெடித் தொடரின் அடுத்த எபிசோடாக எடுத்தால் என்ன?

கப்பலூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் படம் வரைய உட்கார்ந்ததற்காக விழுந்த அறை அது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அதோடு விடாமல், நான் வரையும் டேப்லெட்டையும் சுவரில் அடித்து நொறுக்கினார். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

நண்பனிடம் இரவல் வாங்கிய டேப்லெட்டில் மகன் அடி வாங்கும் காட்சியை வெறியோடு வரைந்து முடித்தேன். கடைசியில் அப்பாவும் மகனும் சமாதானமாக வேண்டும். அந்தக் காட்சி மட்டும் வரவே இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் திரையில் கார்ட்டூன் அப்பா அறைய, ‘டொய்ங்’ என்றது. பின்னால் என் அப்பா நின்றிருந்தார்.

“அறைஞ்சா இப்பிடியாடா கேக்கும்?”

“நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட்டு. ஒண்ணு குடுங்களேன்.”

“மைக்க ஆன் பண்ணு.”

சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அப்படித் தன் கன்னத்தில் தானே அறைந்தார். மெல்லத் தட்டவில்லை. பளார் பளாரென்று விழுந்ததில் மூக்குக்கண்ணாடி தெறித்தது.

“போதும்ப்பா!”

“இம்புட்டு பலமாவாடா ஒன்னைய அடிச்சேன்?” என்றபடி மறுபடி ஓங்கினார். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

சமாதானத்துக்கு நல்ல வசனம் வேண்டும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. ஓங்கிய கையை இன்னொரு கை பிடிப்பது மட்டும்தான். எனக்கு விரல்கள் சரியாக வரைய வராது. நாளைக்கு அப்பாவை எதிரில் உட்காரவைத்து, அவர் கையைப் பார்த்தே வரையப் போகிறேன்.