கனல்விழி விழுந்த இடங்கள்

மாயாஜாலக் காதல் தொடர் எழுதிப் பிழைப்பவனுக்கு அரக்கனைக் கொல்வது சுலபம்; அவனைக் கதாநாயகியின் கையால் கொல்ல வைப்பதுதான் பெரும்பாடு. அடுத்தவர் சொல்லுக்கு எழுதி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இது புரியும். அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. செல்போனில் கேட்கும் தொடருக்கு நான் எழுத, பொம்மிடியிலிருந்து வரும் மேரி அக்கா மைக்கில் வாசிப்பார். எங்கள் இருவருக்கும் மேலே ஆசிரியர் குமரேசன் அண்ணன்.

இடுப்பு

எங்கள் கதாநாயகி கனல்விழி தீயை ஆளும் மகாராணி. என் தாத்தா சொன்ன கதைகளில் பெண்கள் காடு மலை தாண்டிப் போய்ப் புருஷனை மீட்டு வருவார்கள். அவர்கள் இடுப்பைப் பற்றித் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில், அவள் போர்த் திட்டம் போடுவதிலிருந்து தொடங்கினேன். இது பெண்ணியத் தொடர், விளம்பரமே அப்படித்தான் போகிறது என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே போர்த் திட்டத்தைச் சிவப்பு மையால் அடித்தார்.

"வீரமெல்லாம் இருக்கட்டும் தம்பி. மொதல்ல இடுப்பச் சொல்லுங்க."

மயக்கம்

ஒவ்வொரு எபிசோடும் அவள் மயங்கி விழ, இளவரசன் வஜ்ரவேந்தன் தாங்கிப் பிடிப்பதோடு முடிய வேண்டும் என்பது அலுவலகச் சட்டம். எரிமலையை அணைத்தவள் பூ வாசத்தில் மயங்கினாள். படை நடத்தியவள் அவன் முறைத்ததற்கு மயங்கினாள். அவன் அவளைக் கோட்டையில் பூட்டிவைத்தான். அதற்குக் காதல் என்று பெயர் வைத்து, அங்கேயும் அவளுக்கு ஒரு மயக்கம் எழுதினேன். பதினோராவது மயக்கத்தில் மேரி அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"இவளுக்கு ரத்தம் கம்மியா இருக்குதுங்க தம்பி. ரெண்டு வேளை களி திங்கச் சொல்லுங்க."

சிலை

கேட்பவர்கள் பதறட்டும் என்று வஜ்ரவேந்தனைக் கல்லாக்கச் சொன்னது அண்ணன்தான். ஐந்து எபிசோடுக்குச் சாபம் தீராது என்று வெளியிட்டும் ஆயிற்று. அரக்கன் கோட்டை வாசலுக்கு வந்ததும் அதே எபிசோடில்தான் என்பதை அவர் மறந்துபோனார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். காப்பாற்ற ஆளில்லை; இனி அவள்தான் வெட்டியாக வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இத்தனை மயக்கத்தையும் எழுதினேன். அண்ணன் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

"சிலை அரக்கன் மேல வுழட்டும். அப்பவும் அவன்தான் காப்பாத்தினதா ஆகும்."

தள்ளியது

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சிலை விழுவதற்கு முன்னால், 'கனல்விழி தோள் கொடுத்துத் தள்ளினாள்' என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். அண்ணன் கவனிக்கவில்லை. மேரி அக்கா கவனித்தார். அந்த வரியை நிறுத்தி, அழுத்தி வாசித்தார்.

மறுநாள் கமெண்டுகள் கொதித்தன. நாடு பிழைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கட்டிக்கப்போகிறவனைத் தள்ளிவிட்டவள் எப்படிக் கதாநாயகி என்பதே கேள்வி. அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அடுத்ததுல அவ சிலைகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். கால்ல வுழுந்து."

கனல்விழியை எத்தனையோ முறை விழவைத்திருக்கிறேன். முழு நினைவோடு விழவைத்தது அந்த ஒருமுறைதான்.