வியாழன் இரவு மூன்று மணி

சோமசேகரம் சாத்திரியார் உரும்பிராயில் முப்பது வருடம் சாதகம் எழுதியவர். காலையில் வெங்காயத் தோட்டம், மாலையில் பஞ்சாங்கம். கலியாணப் பொருத்தம் பார்க்க வருகிறவர்களிடம் முகத்துக்காக ஒன்றும் சொல்லமாட்டார். பலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் அவரிடம்தான் போவார்கள். நானும் போய் ஏச்சு வாங்கினவன்தான்.

1986இல் முருகேசு தன் மகள் பாலேஸ்வரிக்கு உடுப்பிட்டியில் சம்பந்தம் பேசினார். பெண்ணுக்கு அத்த நட்சத்திரம், பொருத்தம் நன்று என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய் மீனாம்பிகைக்கு அது போதவில்லை. டவுனுக்குப் புதிதாக வந்திருந்த கொம்பியூட்டரிலும் பார்க்கவேண்டும் என்றாள். முருகேசு போய்ப் படிவம் நிரப்பினார். இரண்டு நிமிடத்தில் தாள் வந்தது. உத்தர நட்சத்திரம். மாங்கலியப் பொருத்தம் இல்லை.

ஊர் திகைத்துப்போனது. வேண்டியவருக்காகச் சாத்திரியார் நட்சத்திரத்தையே மாற்றிவிட்டாராம். நான் நம்பவில்லை. தன் தங்கைக்கு வந்த நல்ல இடத்தையே பொருத்தமில்லை என்று திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

என்னையும் கூட்டிக்கொண்டு அவர் டவுனுக்குப் போனார். முருகேசு நிரப்பிய படிவத்தைக் கேட்டு வாங்கினார். வியாழக்கிழமைத் திகதி, இரவு மூன்று மணி என்றிருந்தது. பிள்ளை பிறந்தது வியாழன் இரவுதான். எங்களுக்கு விடியும்வரை வியாழன். கொம்பியூட்டருக்கோ நடுச்சாமத்தோடு வெள்ளி பிறந்துவிடும். அது முந்தின இரவு மூன்று மணிக்கே கணக்குப் போட்டுவிட்டது. முழுதாக ஒரு நாள் பிசகு.

“தங்கச்சி, வெள்ளிக்கிழமைத் திகதியைப் போட்டு ஒருக்கால் பாருங்கோ,” என்றார், அதை இயக்கும் பெண்ணிடம்.

அத்தம். பொருத்தம் நன்று. சாத்திரியார் அந்தத் தாளையும் வாங்கி மடித்துக்கொண்டார்.

“நான் ஒரு பகல் முழுக்கக் கணக்குப் பாத்தது. ஒரு நாழிகைகூடப் பிசகேல்லை,” என்றார்.

அன்றே முருகேசுவையும் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போனோம். மீனாம்பிகை இரண்டு தாளையும் பார்த்தாள்.

“முதல் தாள் மெசின் தன்ரைபாட்டிலை சொன்னது. இது நீங்கள் போய்ச் சொல்லிக்குடுத்து வந்தது. நான் எதை நம்பிறது?”

முதல் தாளுக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரு மனிதன்தான், இந்த முருகேசுதான் என்றேன். யார் கேட்டார்கள்? சம்பந்தம் குழம்பிவிட்டது. பாலேஸ்வரி மூன்று நாள் சாப்பிடவில்லை.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதுகூட இல்லை. ஆவணியில் அவளுக்கு அச்சுவேலியில் வேறொரு இடம் வந்தது. முருகேசு சாத்திரியார் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சாத்திரியார் சந்தோசமாகப் பஞ்சாங்கத்தை விரித்தார்.

“உது வேண்டாம், சாத்திரியார்,” என்றார் முருகேசு. “கொம்பியூட்டருக்கு எந்தத் திகதியைக் குடுக்கிறதெண்டு மட்டும் எழுதித் தாங்கோ.”

சாத்திரியார் பஞ்சாங்கத்தை மூடினார். பிறகு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்.