கிணற்றுக்குள் நான்காவது குரல்

சோங்கோர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. மிஷ்கோல்ட்ஸ் நகரத்தில் குன்றின்மேல் நிற்கும் பத்துமாடிக் கட்டடங்களில் நாற்பத்தொரு லிஃப்ட் அவன் பொறுப்பு. ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷினில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைப்பான், கண்ணை மூடுவான். "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பான். சொன்னபடியே ரெண்டு மாசம்தான் தாங்கும். இத்தனை வருஷம் அவனுக்குச் சோறு போட்டது அந்தக் காதுதான்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் இன்னொரு வேலை. பழைய வீடியோ கேம்களின் இசையை எடுத்து, கம்ப்யூட்டரில் புதிய சத்தங்கள் சேர்த்து ரீமிக்ஸ் செய்வான். எங்கள் ஊரில் இப்படி முப்பது பைத்தியங்கள் உண்டு. எமெஷெ என்கிற நானும் அதில் ஒருத்தி. பகலில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்குச் சீட்டு கொடுக்கும் வேலை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் நாங்கள் நடத்தும் போட்டியில் பாட்டுகளை ஓடவிடுவதும் நான்தான்.

போட்டிக்கு விதி ஒன்றே ஒன்று. ஓட்டு எண்ணி முடிக்கும்வரை எது யாருடைய பாட்டு என்று வெளியே தெரியக் கூடாது. எனக்கு மட்டும் தெரியும். அதனால் செய்த ஆளிடம்கூட அவன் பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த விதியை எழுதிய புத்திசாலியும் நானேதான்.

சோங்கோருக்கு ஒரே பயம், காது போய்விடுமோ என்று. அவன் அப்பா இரும்பாலையில் இருந்தவர். ஐம்பத்தைந்தில் முழுச் செவிடு. மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்துச் சமாளிப்பார். "எனக்கும் அப்படி ஆயிட்டா லிஃப்டும் போச்சு, பாட்டும் போச்சு. அப்புறம் நான்னு எது மிச்சம் இருக்கு, சொல்லு?" என்று ஒருமுறை கேட்டான். காதைச் சோதித்துப் பார் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். காசா பணமா, போய் உட்கார வேண்டியதுதானே! போகவே மாட்டான்.

இந்த வருஷம் அவன் எடுத்துக்கொண்டது 'கிணறு' என்ற பழைய விளையாட்டு. ஒரு ஆள் இருட்டில் இறங்கிக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். அந்தக் காலத்து மெஷினில் ஒரே நேரத்தில் மூன்று சத்தம்தான் சேர்ந்து வரும்; அதைத்தான் நாங்கள் குரல் என்போம். சோங்கோர் அனுப்பியதை ஹெட்போனில் கேட்டேன். மூன்று குரலும் இருந்தன. அவற்றுக்கு மேலே நான்காவதாக ஒன்று. மெல்லிய, நீண்ட அழுகை. ஆள் இறங்க இறங்க அது கூடியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நல்ல வெளிச்சமான காலை நேரம், ஆனாலும் பயந்துதான் போனேன்.

புதன்கிழமை சோங்கோர் கடைவாய்ப் பல்வலியோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தான். அந்த அழுகை எது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விதி! சீட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

சனிக்கிழமை போட்டி நடக்கும் மன்றத்தில் அந்தப் பாட்டு ஓடியபோது, தின்ன வைத்திருந்த பொகாச்சா ரொட்டியை யாரும் தொடவில்லை. ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். ஓட்டுகளை அந்தப் பாட்டே அள்ளிக்கொண்டு போனது. பெயரைச் சொன்னதும் சோங்கோர் மேடையேறினான். மூன்று வருஷமாக இரண்டாம் பரிசிலேயே நிற்கும் பஸ் டிரைவர் ஜொம்போர் கீழேயிருந்து கத்தினான்.

"டேய், அந்தப் பொண்ணு அழுகையை எதுலடா செஞ்ச? சொல்லித் தொலை!"

"எந்தப் பொண்ணு?"

"நடிக்காத. கிணத்துக்குள்ள அழுவுறாளே, அவதான்."

"தோத்த வயித்தெரிச்சல்ல உளறாதடா. நான் யாரையும் அழவிடல."

எல்லோரும் சிரித்தார்கள், தொழில் ரகசியத்தை மறைக்கிறான் என்று. நானும் விளையாட்டாகத்தான் செய்தேன். மற்ற சத்தங்களை எல்லாம் அடைத்துவிட்டு அந்த அழுகையை மட்டும் பெரிதாக ஓடவிட்டேன். மன்றமே காதைப் பொத்திக்கொண்டது.

சோங்கோர் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போடு எமெஷெ. ஏன் நிக்குற?"

அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, எல்லோர் காதிலும் கை. அவன் சிரிப்பு மட்டும் அப்படியே முகத்தில் நின்றது. பாட்டை நிறுத்திவிட்டு மேடைக்கு ஓடினேன்.

"இந்தச் சத்தத்தை எங்கடா எடுத்த?"

"காத்துச் சத்தம்தான். ஒம்பதாம் நம்பர் கட்டடம். லிஃப்ட் ஓடும்போது குழிக்குள்ள மைக்கை இறக்கி…" நிறுத்தினான். "அன்னைக்குத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்."

என் காரில் ஒன்பதாம் நம்பர் கட்டடத்துக்குக் கிளம்பினோம். பரிசாகக் கொடுத்த தங்கநிற ஜாய்ஸ்டிக் அவன் மடியிலேயே கிடந்தது. நாங்கள் நுழையும்போது லிஃப்ட் இறங்கி வந்தது. உள்ளே குழந்தை வண்டியோடு ஒரு பெண்.

"அன்னைக்கே சொன்னேனே சார், அழுவுதுன்னு. ஒண்ணும் கேக்கலைன்னீங்க. இப்பவாவது வந்தீங்களே."

அவளை இறக்கிவிட்டுக் கதவில் 'ஓடாது' என்ற பலகையைத் தொங்கவிட்டான். பத்து மாடியும் படியேறினோம். மெஷின் அறையில் கம்பி ஓடும் பெரிய சக்கரத்தின் கீழே சாம்பல்நிற இரும்புத் தூள் கொட்டிக் கிடந்தது. காலி லிஃப்டை ஒருமுறை ஓடவிட்டான். அறையில் அந்த அழுகை நிறைந்தது. ஸ்க்ரூடிரைவரைச் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்கில் ஊன்றினான், கைப்பிடியைக் காதில் வைத்தான், கண்ணை மூடினான். நெடுநேரம் நின்றான்.

"கேக்குதா உனக்கு?"

"கேக்குதுடா."

"எப்படி இருக்கு?"

பொய் சொல்ல ஆசைதான். "உன் பாட்டுல இருக்குற மாதிரியே இருக்கு" என்றேன்.

மெஷினை நிறுத்தினான். தரையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு, "எல்லாத்துலயும் இந்தக் காதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று சாவிக் கொத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தான்.

இருட்டுவதற்குள் குன்றின்மேல் நாற்பத்தொரு லிஃப்டும் அவன் கையாலேயே நின்றுவிட்டன. ஜனங்கள் காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டே அவனைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அது அவனுக்கு நன்றாகவே கேட்டது.