பன்னிரண்டு வயதில் இறந்துபோன மாமி

வளைகுடாவில் இருபத்தெட்டு வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவனுக்குப் பிடித்த பைத்தியம் குடும்ப வரலாறு. கூடத்துச் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி, தலைமுறை தலைமுறையாகப் பேர் எழுதிக்கொண்டு வந்தேன். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்து, இறந்தவர்கள் பேர் எழுதிய, பூச்சி அரித்த பழைய மௌத்துப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். சம்பளமில்லாத வேலை. அதையும் அத்தாவின் அண்ணன், என் பெரியத்தாவின் மகனால் பொறுக்க முடியவில்லை. அவர் ஜமாத் கமிட்டியில் இருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை அலுவலக வாசலில் நின்றே கேட்டார்.

"எந்த நெலத்த நோண்டுற?"

"நெலம் இல்லண்ணே. மாமி மௌத்தான வருஷத்தத் தேடுறேன்."

மாமி, எங்கள் அத்தாவின் அக்கா; எனக்கு அத்தை முறை. பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டதாக அத்தா சொல்லியிருந்தார். பதிவேட்டில் மட்டும் அவள் பேர் எங்கும் இல்லை.

"சின்னப் புள்ளைங்கள அப்ப யாரு எழுதுனா?"

மூன்று மாதக் குழந்தை ஒன்றை எழுதியிருந்த பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் உள்ளே வந்து பதிவேட்டைப் பட்டென்று மூடினார். என் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. வலியைவிட அவர் மன்னிப்புக் கேட்காததுதான் எரிந்தது.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். பேர்களைச் சரிபார்க்க, எங்கள் வாய்க்கால் ஓரத்து வயலின் பழைய பத்திரங்களுக்கு நகல் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் கொடுத்தார்கள். அதில் ஒன்று விடுதலைப் பத்திரம். மாமி தன் பங்கைப் பெரியத்தாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். வயது முப்பத்தொன்று. விலாசம் அதிராம்பட்டினம். கணவன் பேரும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போட்டவள் இன்னார்தான் என்று அடையாளம் காட்டியவராக என் அத்தா கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நீண்ட வால் போட்ட எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் எல்லாம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாம் என்று மனைவியைக் கிளப்பினேன். வலங்கைமானைத் தாண்டும்போதே, அதிராம்பட்டினம் போகிறோம் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"லீவு நாள்லயும் செத்தவங்களத் தேடித்தானா?"

 அதன் பிறகு வழியெல்லாம் நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

படகுத்துறையில் மாமியின் கணவர் பேரைச் சொல்லி விசாரித்தோம். மூன்றாவது ஆள் வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்தவருக்கு என் வயது இருக்கும். மாமியின் மகள்.

"உங்க உம்மாவோட தம்பி மவன் நான்," என்றேன்.

"உம்மாவுக்குத் தம்பி ஏது? கூடப் பொறந்தவங்க எல்லாம் மௌத்துன்னுதான் உம்மா சொல்லும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பத்திரத்தை நீட்டினேன். அந்த அம்மா வாசற்படியில் நின்றபடியே வாசித்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கடைசியாப் படுக்கையில கெடந்தப்பதான் உம்மா உள்ளத சொல்லுச்சு. எங்க வாப்பா படகுல போற ஆளு. அவங்களக் கட்டிக்கிட்டதுக்கு வீட்டுல சேக்கல. பொறவு உம்மாவோட உம்மா சாகக் கெடக்குன்னு சேதி வந்து ஓடிருக்கு. கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவோம்னாங்களாம். போட்டுச்சு. கா மணி நேரம் பாக்க விட்டாங்க."

பிறகு கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"எங்க அத்தா."

"அந்த வீட்டுலேருந்து என்ன வேணும்னு வந்தீங்க?"

குடும்ப வரலாறு எழுதுகிறேன், சுவரில் அவர் பேரையும் பிள்ளைகள் பேரையும் சேர்க்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே என் வாய் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"எங்க பேரு ஒண்ணும் அங்க வேணாம். எழுதுனீங்கன்னா நானே வந்து கிழிப்பேன். போங்க."

கதவைச் சாத்திவிட்டார். கடற்கரைக்குப் போகாமலே திரும்பினோம். மன்னார்குடியில் டீ குடிக்கும்போது மனைவி கேட்டாள், "உங்க அத்தா நல்லவருன்னு இனிமே எங்கிட்ட சொல்லுவீங்களா?" எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல்தான் வந்தது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை பள்ளிவாசல் அறையில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி பெரியத்தா மகனிடம். அவர் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தின் நகலைக் கையில் கொடுத்தேன்.

"தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

"தெரியும். எனக்கு மட்டுமா? ஒங்கத்தாவுக்குந்தான் தெரியும். அவரப் போயிக் கேளு."

அத்தா போய்ப் பதினோரு வருடமாகிறது.  ஜெயித்த சந்தோஷத்தில் அவர் கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே போனார்.

சார்ட்டில் மாமிக்கு நான் போட்டிருந்த வயதை அடித்துவிட்டு, பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்ட வயதை எழுதினேன். அவளுக்குக் கீழே பிள்ளைகளுக்கான கோடு இழுக்கவில்லை. அத்தாவின் பேருக்குப் பக்கத்தில், அடையாளம் காட்டியவர் என்று எழுதினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். பெரியத்தா மகனும் நானும் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ஒரே வரிசையில் நிற்கிறோம், சலாம் சொல்லிக்கொள்வதில்லை.