காது வெட்டாத குட்டி

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வேத விஷயம் எழுதத் துணிவது அதிகம்தான். கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுகிறவள் நான். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது வேதத்தைவிட என் பொறாமையைப் பற்றியது. அதற்கு எனக்குப் படிப்புப் போதும்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்கள்; கூப்பன் அரிசிக் காலம். கற்பிட்டிப் பக்கம் எங்கள் கரையில் அம்மாவின் தம்பிதான் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். யூதர்களின் திருநாள்கள் எல்லாம் ஆண்டவருக்கு முன்னே விழுந்த நிழல்கள் என்பார். பாஸ்காவுக்கு ஆட்டுக்குட்டியை நாலு நாள் முன்னதாக வீட்டுக்குக் கொண்டுவந்து குற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஆண்டவரும் அப்படியே குருத்து ஞாயிறன்று எருசலேமுக்குள் வந்தாராம். தேடியவர்களுக்குக் குற்றம் அகப்படவில்லையாம். எக்காளத் திருநாள் ஒன்றுதான் நிறைவேறப் பாக்கி, அது அவர் திரும்பி வரும் நாள் என்று மாமா சொல்லும்போது பிள்ளைகள் கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவருடைய மகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சாளுக்கும் என் வயதுதான், ஒன்பது. ஆனால் அவளிடம் சிலாபத்தில் தைத்த, ரேந்தைப் பின்னல் ஓரம் வைத்த வெள்ளைச் சட்டை இருந்தது.

அந்த வருடம் பெரிய வியாழன் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் ஒரு குட்டியைக் கொண்டுபோக மாமா ஏற்பாடு செய்தார். எங்கள் மணலில் செம்மறி ஏது? வெள்ளாடும் ஆகும் என்று வேதத்திலேயே இருக்கிறதென்று சொல்லி, எங்கள் ஆடு ஈன்ற வெள்ளைக் குட்டியைக் கேட்டார். ஞாயிறிலிருந்து அது எங்கள் முற்றத்தில் நின்றது. குழை ஒடித்துப் போட்டவள் நான். என் சத்தம் கேட்டால் கத்தும். தூக்கிப் போவது மட்டும் மச்சாள்.

புதன் மத்தியானம் தூக்கிப் பழக வந்தாள்.

"உன்ட குட்டி நாறுதடி."

"ஆடெண்டா ரோசாப்பூவா மணக்கும்?"

"பரவாயில்ல, ஒருநாளைக்குத்தானே. நான் பொறுப்பன்," என்று சிரித்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

எங்கள் கரையில் ஆடுகள் தென்னந்தோட்டங்களில் அவிழ்ந்து திரியும். காதில் போட்ட வெட்டைப் பார்த்துத்தான் எந்த வீட்டு ஆடென்று அறிவார்கள். எங்களுக்கு இடது காது நுனியில் ஒரு வெட்டு. ஊனம் இருக்கக் கூடாதென்று இந்தக் குட்டிக்கு மட்டும் அதை மாமா தடுத்திருந்தார். அவள் போனதும் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்தேன். யாருடைய குட்டி என்று கோயில் முழுக்கத் தெரியட்டும்.

வியாழன் மாமா காதைப் பார்த்தார். குட்டி கோயிலுக்குப் போகவில்லை. மச்சாள் வெறுங்கையோடு நடந்து அழுதாள். பெண்கள் எல்லோரும் அவளை அணைத்துக்கொண்டார்கள். அந்த அழுகையிலும் அவளே எனக்கு முன்னால் நின்றாள்.

மாமா அடிக்கவில்லை. "என்னத்துக்குப் பிள்ள வெட்டின?" என்றார்.

"எங்கட குட்டிதானே மாமா."

அவர் அதன் காதைத் தடவிக்கொண்டு நின்றார். "கோயிலுக்கு விட்டிருந்தா, காது வெட்டாதது கோயில் குட்டியெண்டு ஒருத்தரும் தொடமாட்டாங்க. கிழடாகித்தான் செத்திருக்கும். ஓம், இனி அது உங்கட குட்டிதான்."

கடைசி வார்த்தை மட்டும்தான் எனக்குக் கேட்டது. வெள்ளியும் சனியும் குட்டியை நான் இறக்கி விடவில்லை. மச்சாள் வீட்டு வேலியோரமாக வேண்டுமென்றே இரண்டு தரம் தூக்கிக்கொண்டு போனேன். சனி பின்னேரம் அப்பா கத்தி தீட்டினார். நாற்பது நாள் இறைச்சி தொடாத வீட்டில் அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்திலேயே இருந்து குட்டிக்குக் குழை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. மாமா வீட்டாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். மச்சாள் இரண்டாம் தரமும் கறி கேட்டு வாங்கினாள்.