பெயர் சொல்லாத மன்றாட்டுகள்

அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கில் அவரை எல்லோரும் மன்றாட்டு அக்கா என்றே அழைத்தார்கள். ஞானஸ்நானத்தில் சூட்டிய பெயர் ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் அவரே சற்று யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். கடைத்தெரு மூலையிலுள்ள மருந்துக்கடையில் மேசைக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எழுந்து நின்று பிறருக்காக மன்றாடுவது அவருடைய இறையழைத்தல். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்திருக்க வேண்டும். அதை எவரும் வைக்கவில்லை. அவரும் அதைத் தேடவில்லை.

முன்பெல்லாம் பூசையில் விசுவாசிகளின் மன்றாட்டு என்பது உப்புச் சப்பற்ற ஒரு சடங்காக இருந்தது. திருத்தந்தைக்காக ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்காக ஒன்று, மழைக்காக ஒன்று என்று எழுதி வைத்ததை ஒருவர் படிப்பார். மற்றவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். புதிதாக வந்த பங்குத்தந்தை இளைஞர். மனிதர்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர். எழுதிய மன்றாட்டுகள் முடிந்த பிறகு, "இப்போது உங்கள் உள்ளத்தில் உள்ளவற்றையும் எடுத்துச் சொல்லலாம்" என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தார். முதல் சில வாரங்கள் அந்த வாசல் வழியே இருமல் மட்டுமே வந்தது. பிறகு அக்கா எழுந்தார்.

"நம்ம பங்குல ராத்திரி தூக்கமே வராம, மாத்திரை போட்டாத்தான் கண்ணை மூட முடியும்னு தவிக்கிற ஒரு சகோதரிக்காக. பேர் சொல்ல விரும்பல. பாடகர் குழுவுல ரெண்டாவது வரிசையில இருக்காங்க. அவங்க மனபாரம் குறைய வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

இரண்டாவது வரிசையில் ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்தான் நின்றுகொண்டிருந்தார். கோயில் முழுவதும் ஒரே குரலாக, என்றும் இல்லாத உருக்கத்தோடு, கேட்டருளும்படி ஆண்டவரை வேண்டியது. பழக்க தோஷத்தால் அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து வேண்டிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பங்கில் பக்தி பெருகியது. விசுவாச அறிக்கையின்போது வெளியே நழுவிப்போய்ப் புகைபிடிப்பவர்கள் உள்ளேயே நின்றார்கள். பிரசங்கம் முடியும் நேரம் பார்த்து வருபவர்கள் முதல் மணிக்கே வந்து இடம் பிடித்தார்கள். காது மந்தமான முதியவர்கள் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்தார்கள். நிறைந்த இருக்கைகளைக் கண்ட பங்குத்தந்தை, தம் பிரசங்கங்கள் பலன் தரத் தொடங்கிவிட்டன என்று எண்ணி, அவற்றை இன்னும் நீட்டினார்.

அக்காவுக்கோ தாம் புறம் பேசுகிறோம் என்ற எண்ணம் மருந்துக்கும் இல்லை. புறம் பேசுபவர்கள் சுவரோரம் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவார்கள். அவரோ கைகூப்பி, கண்மூடி, பீடத்தைப் பார்த்துப் பேசினார். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் தவறியதே இல்லை. அங்கே மண்டியிட்டதும், தம்பி மனைவியின் பிடிவாதத்தையும், மருந்துக்கடை முதலாளியின் தெய்வநம்பிக்கையின்மையையும், பூ அலங்காரம் செய்கிற பெண்மணியின் பகட்டையும் ஒன்றுவிடாமல் அறிக்கையிடுவார்.

"அதெல்லாம் அவங்க பாவம்மா. நீங்க செஞ்சதைச் சொல்லுங்க" என்பார் கம்பித் திரைக்கு அப்பாலிருந்து பங்குத்தந்தை.

"இதையெல்லாம் பாத்துக்கிட்டுப் பொறுமையா இருந்தேன் சாமி. சில நேரம் அந்தப் பொறுமை கொஞ்சம் குறைஞ்சுபோச்சு."

பாவமன்னிப்பு கிடைத்துவிடும். பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது, பங்குத்தந்தை வேறு என்னதான் செய்வார்?

வாரங்கள் போகப்போக அக்காவின் மன்றாட்டுகள் வளம்பெற்றன. சர்க்கரை கூடியிருந்தும் இனிப்பை விடாத சகோதரர். பிள்ளை வேண்டாமென்று மாத்திரை விழுங்கும் புதுத் தம்பதியர். நாற்பதைத் தாண்டியும் முகப்பருவுக்குக் களிம்பு தேடுகிறவர். எவருடைய பெயரையும் அவர் சொன்னதில்லை. எந்தத் தெரு, மாடி வீடா கீழ் வீடா என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர்கள் வெளியே வந்து, "இப்படியுமா ஒரு பொம்பளை" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்; அடுத்த ஞாயிறு இன்னும் ஓர் இருக்கை முன்னால் வந்து அமர்ந்தார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூடப் பங்குத்தந்தையிடம் போய், இதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தவர்களும், பக்கத்து வீட்டுக்காரருடைய முறை முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

மாறாக, அவர்கள் மருந்தை வேறிடத்தில் வாங்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, பேருந்து ஏறிப்போய், எவருக்கும் தம்மைத் தெரியாத ஒரு கடையில் பாகு மருந்து வாங்கிவந்தார்கள். மூலைக்கடையின் மேசை காற்றாடியது. முதலாளி கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். ஆகவே காரணம் புரியாமல் திகைத்தார். ஒருநாள், பேருந்திலிருந்து வேற்றுக்கடைப் பையுடன் இறங்கிய பள்ளித் தலைமை ஆசிரியரை வழிமறித்தார்.

"என்ன சார், நம்ம கடையில என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒரு மாத்திரை வாங்கினா, ஞாயித்துக்கிழமை ஊரே எனக்காக முட்டி போடும். அவ்வளவு புண்ணியம் எனக்கு வேண்டாம்."

முதலாளி மெதுவாகப் பேசுபவர். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"அக்கா, கடைக்குள்ள கேட்டதைக் கோயில்ல சொல்றீங்களாமே."

"சொல்றதில்லையே. வேண்டிக்கிறேன்."

"அந்த வேண்டுதலால நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். வர்ற ஞாயிறு நீங்களே எந்திரிச்சு, இனிமே யாரோட நோயையும் வெளியில சொல்லமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. அதுக்கப்புறமும் கூட்டம் வரலைன்னா, நான் வேற ஆள் பாத்துக்குறேன். மனசுல வச்சுக்காதீங்க."

சம்பளம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மேசைக்கு அப்பால் அக்காவுக்கென்று ஒரு நாற்காலி எங்கும் இல்லை. திருமணம் ஆகவில்லை, மின்பணியாளரான தம்பியின் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் குடியிருந்தார். காலையில் அவர் கடைக்குப் போவதால்தான் அந்த வீடு வீடாக இருந்தது. அவரைவிட நன்றாக இதை அறிந்தவள் தம்பி மனைவி. செய்தியைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் நழுவியது.

"வேலை போச்சுன்னா பகல் முழுக்க இங்கயா இருப்பீங்க, அண்ணி?"

"வேற எங்க போக?"

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். அந்த வாரம் முழுவதும் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அக்காவுக்குப் பாடம் நடந்தது. ஞானஸ்நானத்துக்கு வாக்குறுதி கற்றுக்கொடுப்பதைப்போல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"எங்கள் கடைக்கு வரும் எவருடைய நோயையும் இனி நான் வெளியில் சொல்லமாட்டேன். அதற்கான மனஉறுதியை எனக்குத் தரவேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம். அவ்வளவுதான் அண்ணி. உம்மை மன்றாடுகிறோம்னதும் உக்காந்துடணும்."

"உக்காந்துடுறேன்."

"எங்க, உக்காந்து காட்டுங்க."

அக்கா அமர்ந்து காட்டினார். குளியலறை விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி, ஏணியிலிருந்தபடியே, "எந்திரிக்காமலே இருந்தா இன்னும் நல்லது" என்றார். வீட்டில் அவர் பேசிய பேச்சு அந்த வாரத்துக்கு அதுவே.

ஞாயிறு வந்தது. திருத்தந்தை, ஆள்பவர்கள், மழை எல்லாம் முடிந்தன. அக்கா எழுந்தார். இருக்கைகள் முனகின, கழுத்துகள் நீண்டன. கற்றுக்கொடுத்ததன் முதல் வரியை ஒரு சொல் பிசகாமல், "எங்கள் கடைக்கு வரும் எவருடைய நோயையும் இனி நான் வெளியில் சொல்லமாட்டேன்" என்று சொன்னார். தம்பி மனைவி மூச்சுவிட்டாள்.

ஆனால் கோயிலில் வேறு எவரும் மூச்சுவிடவில்லை. எதிர்பார்த்து வந்தது கிடைக்காத ஏமாற்றம் ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியதுபோல் தெரிந்தது. அதை அக்கா அவநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார். இவ்வளவு சொல்லியும் நம்பமாட்டேன் என்கிறார்களே! நாளை இவர்கள் கடைக்கு வராவிட்டால் அந்த மேசை போய்விடும். நம்பவைக்க ஓர் அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி அவரிடம் இருந்தது.

"நான் சும்மா சொல்லல," என்று அவர் தொடர்ந்தார். தம்பி மனைவி அவருடைய உடையின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அவர் அசையவில்லை. "நம்ம தலைமை ஆசிரியர் ஐயா எங்க கடையில மூலத்துக்குக் களிம்பு வாங்க ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு. இன்னிக்கு வரைக்கும் இந்த வாய் யார்கிட்டயாவது அதைச் சொல்லியிருக்கா? இதே மனஉறுதி கடைசிவரைக்கும் எனக்கு நிலைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே அதிர்ந்தது.

தலைமை ஆசிரியர் முதல் வரிசைக்காரர். பிரசங்கம் நடக்கும்போது மற்றவர்கள் அமர்ந்திருக்க, அவர் மட்டும் தூணோரம் நின்றே கேட்பார். அது இறைவார்த்தையின் மீதுள்ள மரியாதை என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வந்தது. இப்போது அந்தத் தூணையும், கெட்டி மரத்தாலான அந்த இருக்கையையும் மாறிமாறிப் பார்த்த மக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கியதைக் கண்ட பங்குத்தந்தை, உருகி அழுகிறார்கள் என்று நினைத்துத் தாமும் கண்கலங்கினார். சமாதானம் பரிமாறிக்கொள்ளும் நேரத்தில், தலைமை ஆசிரியருக்குக் கைகொடுக்க வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், தலைமை ஆசிரியரின் மனைவி அக்காவின் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல், "உங்க வேண்டுதலால அவருக்குக் குணமானா ஆள் அனுப்புறேன். வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அக்கா, "கட்டாயம் வர்றேம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை அக்கா போய்ச் சேர்வதற்குள் செய்தி கடைக்குப் போய்விட்டது. கூடவே கூட்டமும் போய்ச் சேர்ந்திருந்தது. எத்தனையோ வாரங்களாகக் காலியாக இருந்த மேசைக்கு முன்னால் பங்கே திரண்டு நின்றது. அக்காவின் முகம் மலர்ந்தது. ஆளுக்கொரு இருமல் மிட்டாய் வாங்கினார்கள். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தலைமை ஆசிரியரின் களிம்பு எந்த வகை என்று விசாரித்தார்கள். வேறு எவரெவர் அதே களிம்பு வாங்குகிறார்கள் என்றும் கேட்டார்கள். ஒருவராவது தமக்கு வேண்டிய மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. அவரவர் மருந்துச்சீட்டு அவரவர் பையிலேயே பத்திரமாக இருந்தது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் கையை நீட்டினார்.

"அக்கா, கடைச் சாவியைக் குடுங்க."

"கூட்டம் வந்துச்சே."

"மிட்டாய்க்கடை வைக்கும்போது கூப்பிடுறேன்."

அக்கா சாவியைக் கொடுத்தார். மேசையின் விளிம்பைத் துணியால் ஒருமுறை துடைத்தார், பழக்கம். வீட்டுக்குப் போனபோது தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சற்றே பலமாக அடுக்கினாள்.

அதன்பிறகு நடந்தது அந்தப் பங்கைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. பங்குத்தந்தை மனம் நொந்துபோனார். தாம் திறந்துவைத்த வாசலால் ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்புப் போயிற்றே என்று, முதல் வேலையாக அந்த வாசலை மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் திருத்தந்தையும் மழையும் மட்டுமே வந்தார்கள்; கொட்டாவியும் திரும்பியது. பங்குப் பேரவை கூடியது. அலுவலகத்தில் இருந்த எழுத்தர் வேலையை விட்டுப்போயிருந்தார்; அந்த இடத்தில் அக்காவை அமர்த்தலாமா என்று பங்குத்தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கிறிஸ்தவ அன்புன்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார் பேரவைச் செயலாளர். அவர் பருத்த மனிதர்; அன்பு என்ற சொல்லை இரு கைகளாலும் விரித்துச் சொல்வார். "பாவம், நாமளே கைவிட்டா எப்படி?"

கை தூக்காதவர் ஒருவருமில்லை. பேருந்தில் போய் மருந்து வாங்கியவர்கள் அனைவரும் தூக்கினார்கள். அக்காவைக் கைவசம் வைத்துக்கொண்டால் தம்மைப் பற்றிப் பேசமாட்டார், தம்மிடம் பேசுவார் என்பது ஒவ்வொருவருடைய கணக்கு. அந்த அன்பில் தம்பி மனைவிதான் உண்மையாகவே நெகிழ்ந்து, பேரவைக்கு நன்றி சொல்லி அழுதாள்.

பங்கு அலுவலகத்துக்கு ஒரே ஒரு சன்னல். நோயாளிக்காக, இறந்தவருக்காக, நேர்ச்சைக்காக என்று எந்தக் கருத்துக்குப் பூசை வைப்பதானாலும், அந்தச் சன்னலில் தலையை நீட்டிச் சொல்லித்தான் பதிய வேண்டும். மருந்துக்கு வேறு கடை இருந்தது. பூசைக்கு வேறு பங்கு கிடையாது. அக்கா முதல்நாளே நாற்காலியைச் சன்னலை ஒட்டி இழுத்துப்போட்டுக்கொண்டார். மருந்துக்கடையில் உடம்பின் நோய்கள் மட்டுமே வந்தன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முதலில் வந்தவர் பேரவைச் செயலாளர். அவருக்குப் பின்னால் ஒரு சிறு வரிசை நின்றது.

"நாளைக்குக் காலைப் பூசை ஒண்ணு எழுதிக்கோங்க அக்கா. சிறப்புக் கருத்துன்னு போடுங்க, போதும்."

"என்ன சிறப்பு தம்பி?"

"வீட்டுல ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயத்துக்கா பூசை வைப்பாங்க?" அக்கா பேனாவை மூடிவிட்டு, கனிவோடு அவரைப் பார்த்தார். "பொண்ணு விஷயமா, பையன் விஷயமா? அதை மட்டும் சொல்லுங்க. பேர்கூட வேண்டாம்."

செயலாளர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் எவரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் சுவரிலிருந்த புனிதரின் படத்தை உற்றுநோக்கினார். இன்னொருவர் செபமாலையை உருட்டினார். ஆனால் வரிசை மட்டும் ஓசையின்றி ஓரடி முன்னால் நகர்ந்திருந்தது.