ஹல்கே மே

எண்பதுகளில் அந்த ஒரு மாதம் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் நெளிந்துகொண்டே இருந்தேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குழம்பைக் கொதிக்கவிட்டு பால்கனிக்கும் அடுப்புக்குமாக அலைந்தேன். வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டெல்லி பெண்கள் துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வு. கல்லூரியில் ரைஃபிள் பிடித்த நாளிலிருந்து நான் ஏங்கிய இடம். எனக்கோ, சுடும்போது கண் மூடிக்கொண்டது.

துக்ளகாபாத் பக்கத்து மைதானத்தில் களிமண் தட்டைப் பறக்க விடுவார்கள். அதை ஷாட்கன்னால் உடைக்க வேண்டும். விசையை அழுத்தினால் துப்பாக்கி தோளில் உதைக்கும். எவ்வளவு உதைக்கும் என்பது தோட்டாவைப் பொறுத்தது. உள்ளே ஈயக்குண்டு இருபத்தெட்டு கிராம் என்றால் லேசு, முப்பத்திரண்டு என்றால் கனம். நாலு கிராம்தான் வித்தியாசம், ஒரு ஸ்பூன் உப்புக்குக் காணாது. அது என் உயிரை வாங்கியது. உதை வரப்போகிறதே என்று விரல் அசையும் முன்பே இமை இறங்கிவிடும். பாதித் தட்டுகள் தன்பாட்டுக்குப் போய்விடும்.

லேசான தோட்டாவை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? எடுத்தேனே! தேர்வுக்கான பயிற்சி தொடங்கிய அன்றே அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து பஞ்சாபி கோச் ஓங்கிச் சொன்னார்: "ஹல்கே மே மத் லேனா!" ஹல்கா என்றால் லேசு, மத் லேனா என்றால் எடுக்காதே. எனக்குத் தெரிந்த இந்திக்கு அது போதும். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். பெண் என்றால் இளப்பமா, பார்த்துவிடுகிறேன் என்று எனக்கு வீம்பு. பெட்டியை வைத்துவிட்டுக் கனமானதை எடுத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மகள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் தடுமாறும், இந்தி தண்ணீர் மாதிரி வரும்.

"லேசானது எடுக்க வேண்டியதுதானேம்மா?"

கோச் சொன்னதைச் சொன்னேன். ஒத்தடத் துணியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அர்ரே அம்மா! அவர் தோட்டா பத்தி சொல்லலை. உன்னைப் பத்தி அந்த அங்கிள்ஸ்கிட்ட சொல்லியிருக்கார். இவங்களை லேசா நினைக்காதீங்கன்னு அர்த்தம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்காக ஒருவர் பரிந்து பேசியதைக் கேட்டுவிட்டு, ஒரு மாதமாக நானே என்னை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாவி மனுஷன், அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாதா!

மறுநாள் லேசான பெட்டியை எடுத்தேன். பக்கத்தில் நின்றவர், "ஹல்கா, மேடம்ஜி?" என்று இளித்தார்.

"தோட்டாதான் ஹல்கா. முஜே ஹல்கே மே மத் லேனா," என்றேன். கோச் வாய்விட்டுச் சிரித்தார்.

முதல் சில தட்டுகளுக்குப் பழக்கதோஷத்தில் கண் மூடியது. அப்புறம் தோளுக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது. கன்றிய இடம் வலித்தது, ஆனால் நான் பயந்த உதை வரவில்லை. கண் திறந்தே இருந்தது. தட்டு வானத்தில் பொடிப்பொடியாகச் சிதறியது.

அணியில் கடைசி இடம் எனக்கு என்று சாயங்காலம் சொன்னார்கள். மகள் குதித்தாள். எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணுக்குள் நின்றது. அதுவரை நான் உடைத்ததையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.